ஒரு வேலைக்கு ஒரு பெயர்: ஆசனாவுடன் ஓராண்டு

நாங்கள் ஆறு பேர், ஆளுக்கொரு ஊர். முன்பு வைத்திருந்த செயலியில் ஒரு வேலைக்கு எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் தாராளமாக ஆறு பேரையும் சேர்த்துவிடுவோம். கடைசி நாளுக்கு முந்தைய இரவு கோப்பைத் திறந்தால் உள்ளே எழுதிக்கொண்டிருப்பது எப்போதும் அதே இரண்டு பேர்தான், மற்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டைவிரலோடு சரி. அந்த இருவரில் நான் ஒருத்தி, நிறையவே கோபம் இருந்தது.

பிறகு ஆசனா என்ற, குழு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் செயலிக்கு மாறினோம். அதில் ஒரு வேலைக்கு ஒருவரைத்தான் பொறுப்பாளராகப் போட முடியும். மற்றவர்களைக் கூடச் சேர்க்கலாம், ஆனால் பொறுப்பு ஒருவருக்கே. அதனால் ‘அறிக்கை எழுதுதல்’ என்று மொத்தமாகப் போட்டுவிட்டு ஒதுங்க முடியாமல், ‘மூன்றாம் பகுதி அட்டவணையைச் சரிபார்த்தல், வியாழன்’ என்று உடைக்க வேண்டி வந்தது. ஒப்புக்குச் சப்பாணி என்றே நான் நினைத்திருந்த ஒருவர் பெயரில் அந்த அட்டவணை விழுந்தது. புதன் மாலையே முடித்து, கூட்டுத்தொகை தவறியிருந்த இரண்டு வரிசைகளையும் குறித்து வைத்திருந்தார். எது தன் வேலை என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊர் கூடித் தேர் இழுக்கையில் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் வருகிற கதை பழையதுதான். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து 1913-இல் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவர் பங்கும் தனியாக இழுத்ததில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. அமெரிக்க உளவியலாளர் லட்டானேயின் குழுவினர் 1979-இல் கைதட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்து இதற்குச் சமூகச் சோம்பல் என்று பெயரிட்டார்கள். 1981-இல், யார் எவ்வளவு கத்தினார் என்பது தெரிந்துவிடும் என்றதும் அந்தச் சோம்பல் மறைந்ததையும் காட்டினார்கள். ஆசனா செய்வதும் அதைத்தான்.

வேலை உருப்படியாக இருக்கிறதா என்று எந்தச் செயலியும் பார்க்காது, டிக் விழுந்ததா என்றுதான் பார்க்கும். அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கும் தனியாகப் பெயர் போடுங்கள், இல்லையென்றால் அது மறுபடியும் அதே இருவர் தலையில்தான் விழும்.

மூன்று பேருக்கு ஒரு பகிர்வுத் தாளே போதும். ஐந்தைத் தாண்டினால் தயங்காமல் ஆசனாவுக்கு மாறுங்கள். அப்புறம், வேலைகளை எல்லோரும் சேர்ந்தே உடையுங்கள். முதல் மாதம் நானே தனியாக உடைத்துப் பெயர் போட்டேன், பாதி வேலைகள் கெடு தாண்டி, தேதி சிவந்து அப்படியே நின்றன.