திரையில் பச்சை, கையில் கோணல்: பழைய மாருதி 800-க்கு வீல் அலைன்மென்ட்

பழைய 800 ஒன்றை வாங்கிய நண்பர், கிருஷ்ணகிரியில் அலைன்மென்ட்டுக்கு எந்தக் கடை நல்லது என்று கேட்டார். கடை எதுவானாலும் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இந்த வண்டிக்கு வேலை ஒழுங்காக நடக்கும்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைபாஸ் பக்கம் இன்று பல டயர் கடைகளில் இருக்கும் 3டி மிஷின் அருமையானது. வண்டியைக் கொஞ்சம் பின்னும் முன்னும் உருட்டியே ரிம் கோணலைக் கழித்துவிட்டு டோ (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் அளவு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் வீல் திரும்பும் அச்சு முன்பின் சாய்ந்திருக்கும் அளவு) மூன்றையும் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. நூல் கட்டிப் பார்த்த காலத்தில் இந்தத் துல்லியம் கிடைத்ததில்லை. குறை மிஷினில் இல்லை.

எரிச்சல் எங்கே என்றால், திரையில் எல்லாம் பச்சை (அளவு சரி என்ற அடையாளம்), பணம் கட்டி வெளியே வந்தால் வண்டி நேராக ஓடுகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய வண்டியில் டை ராடு (ஸ்டீயரிங் அசைவை வீலுக்குக் கொண்டுபோகும் கம்பி) நீளத்தைப் பூட்டி வைக்கும் செக் நட் துருப்பிடித்து இறுகியிருக்கும். சுலபமாகக் கழன்ற பக்கத்தை மட்டும் திருகி மொத்த டோவைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். எண் சரியாக வரும், ஆனால் ரேக் (ஸ்டீயரிங் சுற்றும்போது இடமும் வலமும் நகரும் பல் தண்டு) நடுவில் இருக்காது. ஒரு பக்கம் வண்டி அதிகமாகத் திரும்பும், மறுபக்கம் குறைவாகத் திரும்பும். இதைவிட மோசம், கோணலை மறைக்க ஸ்டீயரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது. அதற்குப் பிறகு இண்டிகேட்டர் தானாக அணைவதும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. இதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள்.

சரியான முறை கடினமானதல்ல. முந்தின நாள் இரவே இரண்டு செக் நட்டிலும் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள். கடையில் ரேக் பூட்டின் (ரேக் முனையை மூடும் ரப்பர் உறையின்) வெளிக் கிளிப்பைத் தளர்த்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் ராடு திரும்பும்போது பூட்டும் முறுக்கிக்கொண்டு கிழியும். ஸ்டீயரிங்கை நேராக லாக் போட்டு, டோவை இரு பக்கமும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். முடிந்ததும் செக் நட்டுக்கு வெளியே தெரியும் மரை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஒன்று வேலை சரியில்லை, அல்லது ஏதோ வளைந்திருக்கிறது.

மிஷினில் எந்த மாடலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. பட்டியலில் தேடச் சோம்பி வேறு சின்ன வண்டியின் அளவைப் போட்டால், பச்சை வருவது அந்த வண்டிக்குத்தான். டோவை மி.மீ.யில் சொல்லும் மெக்கானிக்கிடம் பேச ஒரு கணக்கு: 12 அங்குல ரிம்மில் 1 மி.மீ. என்பது சுமார் 10-11 மினிட் (கோண அளவு; 60 மினிட் ஒரு டிகிரி).

இதெல்லாம் புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர்) நன்றாக இருந்தால்தான். இந்த வண்டியில் முன்பக்க ஸ்டெபிலைசர் ராடுதான் (இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பி) லோயர் ஆர்மை (வீலைக் கீழே வண்டியோடு இணைக்கும் கையை) முன்பின் நகராமல் பிடித்து வைத்திருக்கிறது. அதன் புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது வீல் பின்னால் தள்ளும், காஸ்டர் மாறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குவாரி லாரி ஓடிக் குழியான ரோட்டில் புழங்கும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். ஜாக்கி போட்டு வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்ம் முனையின் உருண்டை மூட்டு), பேரிங் ஆட்டம் தெரியும்; இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட். ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அலைன்மென்ட் அப்புறம். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே இருந்து கிழிந்துவிடும்.

கேம்பரும் காஸ்டரும் இதில் அட்ஜஸ்ட் செய்ய வழி இல்லாதவை. கேம்பர் தவறினால் ஹைட்ராலிக் வைத்து ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணை) வளைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். வளைந்த பாகம் எது என்று கண்டுபிடித்து மாற்றுவதுதான் வேலை.

சோதனை ஓட்டத்தைத் தொப்பூர் கணவாயில் வைக்காதீர்கள். வளைவும் சரிவும் சேர்ந்து ஒன்றும் புரியாது. காவேரிப்பட்டணம் பக்கம் நேராக இருக்கும் ரோடு போதும். தண்ணீர் வடிய ரோடு இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கினால் அது குறையல்ல. பலமாக இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்.

ஒழுங்காகச் செய்த 800 கையை லேசாக வைத்தாலே கோடு பிடித்து ஓடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்த ரேக் ரோட்டை அப்படியே கைக்குச் சொல்லும், அந்தச் சுகம் இன்றைய வண்டிகளில் இல்லை. இருந்தும் என் முடிவு இதுதான்: ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் இந்த வண்டியை அலைன்மென்ட் கடைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு பக்க ராடைத் திருகிவிடுகிறார்கள். டயர் ஓரம் தேய்ந்தால், பெரிய குழியில் விழுந்தால், ராடு எண்ட் மாற்றினால் மட்டும் போங்கள். புது டயரோடு இலவசம் என்றாலும், ஸ்பேனர் வைக்கும் முன் இருக்கும் அளவைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால் வண்டியை அப்படியே இறக்கிவிடச் சொல்லுங்கள்.