தொங்கும் கார் கூரைத் துணி: பின் குத்துவதா, பசை விடுவதா, துணியையே மாற்றுவதா?

கார் கூரைத் துணி வயிறு தள்ளித் தொங்கினால் பழி பசைமேல்தான் விழும். பெரும்பாலும் கெட்டது பசை அல்ல. துணிக்கும் அதன் மேலுள்ள அட்டைக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. ஸ்பாஞ்ச் இருக்கிறது, வருஷக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டு அது பொடிந்துபோகிறது. ஓரத்தில் துணியை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள், மூக்குப்பொடி மாதிரிப் பழுப்புத் தூள் ஒட்டும். எந்த வழி நிற்கும், எது நிற்காது என்பதை அந்தத் தூளே சொல்லிவிடும்.

சுருள் பின் (துணி வழியாகத் திருகி அட்டையில் ஏற்றும் கம்பி ஊசி) குத்துவது அரை மணி நேர வேலை. பின்பக்கக் கண்ணாடியை மறைக்கும் தொங்கலை இன்றைக்கே தூக்க வேண்டுமென்றால் சரி. ஆனால் பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே துணி மறுபடி இறங்கும். கர்ட்டன் ஏர்பேக் (மோதினால் கூரை ஓரத்திலிருந்து விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியில் ஓரங்களில் குத்தவே கூடாது.

ஸ்பாஞ்ச் பொடிந்திருந்தால் இடுக்கில் பசை விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பசை தூளைப் பிடிக்கிறதே தவிர அட்டையைப் பிடிப்பதில்லை. சீக்கிரமே மறுபடி தொங்கும், துணியில் கறையும் ஊறும், பிறகு அட்டையைச் சுரண்டுவதும் இரட்டை வேலை. ஸ்பாஞ்ச் கெடாமல் ஓரம் மட்டும் பிரிந்திருந்தால் இது போதும்.

ஆக, துணியை மாற்றுவதுதான் நிலைக்கும். வெறும் துணி மலிவு, ஆனால் அட்டையின் ஒவ்வொரு தழும்பும் அதில் தெரியும். ஸ்பாஞ்ச் ஒட்டிய, இழுத்தால் நீளும் ரூஃப் லைனிங் துணியையே குஷன் கடையில் கேளுங்கள். சீட் கவர் துணி நீளாது. விளக்குக் குழியிலும் சன்வைசர் பள்ளத்திலும் படியாமல் பாலம் கட்டி நிற்கும். அட்டையை அளந்து, சுற்றிலும் 10 செ.மீ. கூட்டி வாங்குங்கள்.

பசையில் இரண்டு ரகம். பிரஷ்ஷால் பூசும் ரப்பர் பசை விலை குறைவு, பிடிப்பும் நன்று. ஆனால் கொஞ்சம் தடித்தாலும் ஸ்பாஞ்சுக்குள் ஊறிக் கட்டியாகும், அந்தத் திட்டு கீழிருந்தே தெரியும். சூடு தாங்கும் ஸ்பிரே ஒரே சீராக விழும். சிறிய காருக்கு 2 டப்பா. முதல் முறை செய்பவருக்கு ஸ்பிரேதான் ஏற்றது. தெர்மாகோலுக்கு அடிக்கும் சாதாரண ஸ்பிரே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகிவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, சன்வைசர், கைப்பிடி, விளக்கு, பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) மூடிகளை எடுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைத் தொடாதீர்கள். அட்டையை இரண்டு பேர் பிடித்து, ஹேட்ச்பேக்கில் டிக்கிக் கதவு வழியாகவும் செடானில் பக்கக் கதவு வழியாகவும் எடுக்க வேண்டும். வளைத்தால் குறுக்கே முறியும். மாஸ்க் போட்டு, நைலான் பிரஷ்ஷால் தூள் முழுதும் போகத் தேயுங்கள். கம்பி பிரஷ் அட்டையையே கிழிக்கும்.

துணியை அட்டைமேல் விரித்துப் பாதியை மடியுங்கள். அட்டை, ஸ்பாஞ்ச் இரண்டிலும் ஸ்பிரே அடித்து, தொட்டால் நூல் இழுக்காத பதம் வந்ததும் நடுவிலிருந்து உள்ளங்கையால் தடவிப் போங்கள். பள்ளம் வந்தால் முதலில் அடிவரை அழுத்திவிட்டு மேலே நகருங்கள். விறைப்பாக இழுத்து ஒட்டிய பள்ளம்தான் முதலில் பெயரும். மறுபாதியும் அப்படியே. ஓரத்தை 2 செ.மீ. பின்னால் மடித்து ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு விளக்கு ஓட்டைகளை வெட்டுங்கள்.

மழை நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசை குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். ஒட்டியதுபோல் இருந்து ஓரத்திலிருந்து பெயர்ந்து வரும்.