இரண்டடிச் செடித்தொட்டித் தொகுப்பு: விளக்கு முந்துகிறது, வாயுவும் உரமும் பிந்துகின்றன

கும்பகோணத்தில் உள்ள வண்ணமீன் கடை ஒன்று, நீர்ச்செடி வளர்க்கும் தொட்டிக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே தொகுப்பாக விற்கிறது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி, எல்.இ.டி. விளக்கு, சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான்) பொருத்திய ரெகுலேட்டர் (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் கருவி), சிறிய கரியமில வாயு சிலிண்டர், வாயுவை நுண்குமிழிகளாக்கி நீரில் கலக்கும் டிஃப்யூசர், நீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர், ஒரு புட்டி திரவ உரம் ஆகியவை சேர்ந்து சுமார் 14,000 ரூபாய். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். ஆனால் ஒளி, வாயு, ஊட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது. உடன் வரும் குறிப்புத்தாள் அதற்கு உதவுவதில்லை.

விளக்கை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் செடிக்கு எவ்வளவு பசி என்பதைத் தீர்மானிப்பது ஒளியே. ஒளி கூடினால் கரியமில வாயுவின் தேவை கூடும்; அதைத் தொடர்ந்து தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளின் தேவையும் கூடும். இவற்றுள் எது பற்றாக்குறையோ அதன் அளவில் செடியின் வளர்ச்சி நின்றுவிட, மிஞ்சிய ஒளியைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும். இந்தத் தொகுப்பின் விளக்கு இரண்டடித் தொட்டிக்குத் தாராளமானது. குறிப்புத்தாளோ அதை முழு வெளிச்சத்தில் பத்து மணி நேரம் எரிக்கச் சொல்கிறது. செடிகள் வேர்பிடிக்காத தொடக்க வாரங்களில் இது பாசிக்கு விடுக்கும் அழைப்பு. விளக்கில் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு இருப்பதுதான் இத்தொகுப்பின் மிகச் சிறந்த அம்சம் என்பேன். பாதி வெளிச்சத்தில் ஆறு மணி நேரம் என்று தொடங்கி, புதுத்தளிர் சீராக வந்த பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

ரெகுலேட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குமிழிகள் ஒரே சீராக வருகின்றன, மின்சாரம் நின்றால் வால்வு தானே மூடிக்கொள்கிறது. டிராப் செக்கருக்கான அறிவுரைதான் தவறானது. தொட்டி நீரையே அதில் ஊற்றி நிறங்காட்டித் துளிகளைச் சேர்க்கும்படி தாள் சொல்கிறது. நெற்பயிரின் தழைச்சத்துத் தேவையை இலை வண்ண அட்டையால் பார்க்கும் டெல்டா உழவர்களுக்கு நிறத்தைக் கொண்டு அளவறிவது புதிதன்று. ஆனால் ஒப்பிடும் அட்டை சரியாக இருந்தால்தான் கணிப்பும் சரியாக இருக்கும். இந்தக் கருவி உண்மையில் காட்டுவது தன்னுள் இருக்கும் நீரின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவை மட்டுமே. கார்பனேட் கடினத்தன்மை (நீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு) 4 டிகிரியாக உள்ள நீரை நிரப்பினால், பச்சை நிறம் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் கரியமில வாயுவைக் குறிக்கும். கடினத்தன்மை 8 டிகிரி உள்ள நீரை ஊற்றினாலோ, அதே பச்சை 60 மில்லிகிராமைக் குறிக்கும். அந்த அளவில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து திணறத் தொடங்கும். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊருக்கு ஊர் மாறுவதையும், கடலை நெருங்க நெருங்க உப்பேறுவதையும் அறிந்த கடைக்காரர், 4 டிகிரி கடினத்தன்மை கொண்ட திரவத்தையும் ஒரு சிறு புட்டியில் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். நிறம் மாற ஓரிரு மணி நேரம் பிடிக்கும் என்பதால், பார்த்தவுடன் வால்வைத் திருகுவதும் கூடாது.

விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். விளக்கு இன்வெர்ட்டர் இணைப்பிலும் வால்வு சாதாரண இணைப்பிலும் இருந்தால், மின்வெட்டின்போது ஒளி இருக்கும், வாயு இருக்காது. இரண்டையும் ஒரே இணைப்பில் வைப்பது நல்லது. வாயுவின் அளவு ஏறி இறங்கும் தொட்டியில்தான் இலை விளிம்புகளில் கருந்தூரிகைப் பாசி பெரிதும் படர்கிறது.

திரவ உரப் புட்டியின் முகப்பில் 'முழு ஊட்டம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பின்பக்கத்திலோ பொட்டாசியம், இரும்பு, நுண்ணூட்டங்கள் மட்டுமே உள்ளன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லை. மீன்கள் நிறைந்த தொட்டிக்கு இது போதும், அவற்றின் கழிவே மீதத்தைத் தந்துவிடும். செடி அடர்ந்து மீன் குறைந்த தொட்டியில் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும், கண்ணாடியில் பச்சைப் புள்ளிப் பாசி ஒட்டும். இதற்கு விலையுயர்ந்த இன்னொரு புட்டி தேவையில்லை. நம் ஊர் உரக்கடைகளில் இலைவழித் தெளிப்புக்கு விற்கும் 13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். மண்ணும் கல்லும் போக இத்தொட்டியில் நிற்கும் நீர் சுமார் 55 லிட்டர். அதில் முன்னது 1 கிராம் இட்டால் லிட்டருக்கு 11 மில்லிகிராம் நைட்ரேட்டும், பின்னது 0.1 கிராம் இட்டால் 1.3 மில்லிகிராம் அளவுக்குப் பாஸ்பேட்டும் கூடும். வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றிவந்தால் எதுவும் மிதமிஞ்சிச் சேராது. உரத்திலுள்ள இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மங்கள் பலவகை; காரத்தன்மையுள்ள நீரில் இ.டி.டி.ஏ. வகை இரும்பு விரைவில் பயனிழக்கும், டி.டி.பி.ஏ. வகை அதைவிட நன்கு தாங்கும். புட்டியில் எந்த வகை இருக்கிறது என்று குறிப்பிடவில்லை.

சித்திரை, வைகாசியில் தொட்டி நீரின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. அந்த மாதங்களில் விளக்கையும் வாயுவையும் ஒருசேரக் குறைத்து, மேற்பரப்பு அசையும்படி நீரோட்டத்தைத் திருப்பிவிட வேண்டும். சிலிண்டரையும் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் அழுத்தமானியை நம்பி மீதமுள்ள வாயுவைக் கணிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் பெரிதாக இறங்காது, இறங்கத் தொடங்கினால் வாயு விரைவில் தீர்ந்துவிடும். வாங்கும்போதே நிறைசிலிண்டரின் எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு அவ்வப்போது எடைபோட்டுப் பாருங்கள். கடையில் வாயு நிரப்பித் தர ஓரிரு நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.