இரண்டு நிறத் துண்டு, மூன்று வருடப் புழுக்க நாற்றம்

ஜிம்முக்கென்றே நான் வைத்திருக்கும் இரண்டு நிற மைக்ரோஃபைபர் துண்டு விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். முந்தின நாள்தான் அதை ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை துவைத்து, முகர்ந்து பார்த்து, வெறுத்துப் போயிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜிம்மில் சேர்ந்த முதல் வருடம் முன்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் வந்தது. விளிம்பு தடித்து நடுவில் வெளுத்து, ராத்திரியானால் ஒரே அரிப்பு. ஏதோ உராய்வு என்று நினைத்து வீட்டில் கிடந்த ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினேன். சிவப்பு அடங்கின மாதிரி இருந்தது, அப்புறம் பார்த்தால் வட்டம் இரண்டு மடங்கு. அது படர்தாமரை, பூஞ்சை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கி அதற்கு வழிவிட்டுக் கொடுக்கும் என்பதெல்லாம் தோல் மருத்துவர் திட்டிய பிறகுதான் தெரிந்தது. எங்கிருந்து ஒட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்போது என்னிடம் இருந்தது ஒரே துண்டு; அதைத்தான் பெஞ்சில் விரிப்பேன், அதனாலேயே முகத்தையும் துடைப்பேன்.

அந்த எரிச்சலில் வாங்கியதுதான் இது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளிர்நீலம். கறுப்பு பெஞ்சுக்கு, நீலம் முகத்துக்கு. சின்ன விஷயம்தான், ஆனால் நான்காவது செட் முடிந்து கண்ணில் வியர்வை எரியும்போது எந்தப் பக்கம் என்று யோசிக்கிற புத்தி யாருக்கும் இருக்காது, நிறம்தான் காப்பாற்றும். இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல எனக்கு மனசே வரவில்லை. படர்தாமரையும் திரும்ப வரவில்லை. அந்தப் புகழ் முழுவதையும் துண்டுக்கே கொடுத்துவிட முடியாது, ஏனென்றால் இப்போது சிராய்ப்பு இருந்தால் பிளாஸ்டர் ஒட்டாமல் போவதில்லை, ஷவருக்குச் செருப்பில்லாமல் போவதில்லை, டம்பெல்லை வைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மூக்கைத் தொடுவதும் இல்லை. (ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் சும்மாவே குடியிருக்கும். காயம் கிடைத்தால் அதன் வேலையைக் காட்டும்.)

ஜிம்மில் வைத்திருக்கும் கிருமிநாசினி ஸ்ப்ரே பாட்டிலை நம்பி துண்டு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்த பாட்டிலின் லேபிளை ஒரு நாள் உட்கார்ந்து படித்தேன்: பரப்பு சில நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு அடி அடித்து, மூச்சு விடுவதற்குள் துடைத்துவிடுகிறோம், அதுவும் காலையிலிருந்து எல்லா பெஞ்சையும் துடைத்த அதே கந்தைத் துணியால். வியர்வை போகும், சரி. கிருமி செத்ததா என்று கேட்டால் அந்தத் துணிக்கே தெரியாது.

இனி நாற்றம். மைக்ரோஃபைபர் பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தி மாதிரி இல்லை, வியர்வையின் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணிநேரம் பையில் சுருட்டி வைத்தால் போதும், துவைத்த பிறகும் ஈரப் பலகை மாதிரி ஒரு புழுக்க வாடை. வாசனை போக ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றியது என் முட்டாள்தனம். அது இழைகளில் படலமாகப் படிந்து, துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் முகத்தில் வழித்துவிட ஆரம்பித்தது. பல தடவை வெறும் சோப்புத் தூளில் வெந்நீரில் அலசி, வெயிலில் விறைக்கக் காயவைத்த பிறகுதான் பாதி உயிர் வந்தது. வெளிர்நீலப் பக்கத்தில் மட்டும் கழுத்து படும் இடத்தில் இப்போதும் ஒரு மஞ்சள் பட்டை. நிறம் பார்த்து வாங்கியவனுக்கு இதுவும் தேவைதான்.

வாங்காதே, ஒரு பழைய பருத்தித் துண்டில் ஒரு மூலையில் தையல் போட்டு அடையாளம் வைத்துக்கொள், அது போதும் என்றுதான் நண்பனுக்கு எழுதினேன். அப்புறம் நீ ஏன் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறாய் என்று கேட்டான். ஒன்று காயும்போது இன்னொன்று வேண்டாமா?