குளிர்காலத்தில் பெற்றோருடன் வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனத்திற்கு: 1,180 யூரோ பறிகொடுத்த கதை

மியூனிக்கில் முதுநிலைப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நான், அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது அவர்களை நான்கு இடங்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஆசைப்படாத மாணவர் இங்கே எவரும் இல்லை என்பதால், என்ன நடந்தது, எப்படித் தப்பித்திருக்கலாம் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். பெயர்களை எழுதப் போவதில்லை. பல நிறுவனங்களின் வாடகையை ஒப்பிட்டுக் காட்டி முன்பதிவு செய்து தரும் இடைத்தரகு இணையதளம் ஒன்று. அது கைகாட்டிய, நகருக்கு வெளியே தொழிற்பேட்டைப் பகுதியில் திறந்த முற்றத்தில் கார்களை நிறுத்தி வைத்திருக்கும் சிறிய வாடகைக் கார் நிறுவனம் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் என் 1,180 யூரோ போய்ச் சேர்ந்தது.

அது எவ்வளவு பெரிய தொகை என்பது இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மாணவர் ஒரு மாதம் வாழ 992 யூரோ வேண்டும் என்று ஜெர்மன் அரசே கணக்கிட்டு, விசாவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்டச் சொல்கிறது. அந்தக் கணக்கின்படியே என் ஒரு மாத வாழ்க்கையும் அதற்கு மேல் ஐந்தாறு நாளும் போய்விட்டன. சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி நிரப்பும் வேலைக்கு 2026 ஜனவரியில் உயர்ந்த குறைந்தபட்ச ஊதியமான 13.90 யூரோவை வைத்துப் பார்த்தாலும், 1,180 யூரோவுக்கு 85 மணி நேரம் நான் பால் பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும்.

காரே வேண்டாம், ரயிலில் போகலாம் என்றுதான் அப்பா சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் வலி. நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்கு ரயிலில் ஃபூஸன் வரை போய், அங்கிருந்து பேருந்தில் அடிவாரத்துக்குச் சென்று, பிறகும் ஏற வேண்டும். மேலே போகும் சிற்றுந்து பனியும் உறைவும் இருந்தால் ஓடாது. அம்மாவை எத்தனை முறை ஏற்றி இறக்குவது என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால், கார் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இங்கே குடியேறி ஆறு மாதம் கடந்துவிட்டால் இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லாது. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் மீண்டும் எழுதி, அதற்குச் சேமிப்பையெல்லாம் கரைத்து ஜெர்மன் உரிமம் வாங்கியிருந்தேன். என் மகள் ஓட்டுகிறாள் என்று அப்பா பின் இருக்கையில் உட்கார்ந்து பெருமைப்படுவதைப் பார்க்க விரும்பினேன்.

டிசம்பர் 23ஆம் தேதி முதல் 27ஆம் தேதி வரை ஐந்து நாளுக்குப் பதிவு செய்தேன். சேதம் ஏற்பட்டால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய எக்ஸஸ் தொகை 1,200 யூரோ என்றும், கூடுதலாக 68 யூரோ கட்டி ‘முழுப் பாதுகாப்பு’ எடுத்தால் அந்தக் கவலையே இல்லை என்றும் தளத்தில் பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். கட்டினேன். முழுமை என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொருள் எனக்கு அப்போது தெரியாது.

23ஆம் தேதி மாலை நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. இந்த ஊரில் டிசம்பரில் அது இருட்டத் தொடங்கிவிடும் நேரம். முற்றத்தில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. எங்களுக்கு ஒதுக்கிய சாம்பல் நிறக் காரின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கதவுகளின் கீழ்ப்பாதி முழுவதும், சாலையில் தூவும் உப்பும் சேறும் கலந்து சுண்ணாம்பு பூசியது போல இறுகிப் போயிருந்தது. கவுண்டரில் இருந்த இளைஞன் வெளியே ஓடிவந்து அம்மாவின் பையை வாங்கி வண்டியில் வைத்தான். கைகளைக் கூப்பி ‘நமஸ்தே’ என்றான். சேதக் குறிப்புப் படிவத்தில் காரின் படம் மட்டும் இருந்தது, ஒரு குறியும் இல்லை. நான் பார்த்தபோது, “இந்தக் குளிரில் உங்கள் அம்மாவை நிறுத்தி வைக்காதீர்கள், சிறு கீறல்களையெல்லாம் நாங்கள் பார்ப்பதே இல்லை” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

முப்பது ஆண்டுகள் மின் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. மீட்டர் பெட்டியைத் துடைத்துப் பார்க்காமல் எண்ணைக் குறிக்காதவர். அவர் மட்டும் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, பின்பக்க இடது கதவருகில் குனிந்து, “பாப்பா, ஒரு துணி குடு, இந்த அழுக்கைத் துடைச்சுப் பார்த்துடலாம்” என்றார். அந்த இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. “இங்கெல்லாம் அப்படிச் சந்தேகப்பட மாட்டாங்கப்பா, ஏறுங்க” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் கையெழுத்திட்டேன். என்னை ஏமாற்றியவர்கள் மீது இருக்கும் கோபத்தில் பாதி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன என் மீதுதான்.

பயணத்தில் குறையில்லை. சால்ஸ்பர்க் போனோம், 24, 25 தேதிகளில் கோட்டை மூடியிருக்கும் என்பதால் 26ஆம் தேதி நொய்ஷ்வான்ஷ்டைனுக்குப் போனோம். எங்கும் உரசவில்லை, எங்கும் இடிக்கவில்லை. திரும்ப ஒப்படைக்க வேண்டிய 27ஆம் தேதி சனிக்கிழமை; நான் போன மாலை நேரத்தில் கவுண்டரை மூடிவிட்டார்கள். தொலைபேசியில் கேட்டதற்கு, சாவியைச் சுவரில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், எல்லாம் சரியாக இருக்கும் என்றார்கள். போட்டேன். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தக் கார் ஒன்றரை நாள் திறந்த முற்றத்தில் நின்றது. அந்த நேரத்தில் யார் உரசினாலும் அது என் கணக்கு என்று ஒப்பந்தத்தின் பதினோராம் பத்தி சொல்கிறது. அதை இப்போதுதான் படிக்கிறேன்.

பெற்றோர் ஜனவரி 3ஆம் தேதி ஊருக்குக் கிளம்பினார்கள். 5ஆம் தேதி மின்னஞ்சல் வந்தது. பின் இடது கதவில் நசுங்கலும் கீறலும் 740 யூரோ, சக்கர விளிம்பில் உரசல் 265 யூரோ, வண்டி ஓடாத நாள்களுக்கு 115 யூரோ, நிர்வாகக் கட்டணம் 60 யூரோ, ஆக 1,180 யூரோ, கிரெடிட் கார்டில் பிடித்து வைத்திருந்த முன்பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 1,200 யூரோ எக்ஸஸுக்குள் எவ்வளவு பாந்தமாக அடங்குகிறது பாருங்கள். அப்பா துணி கேட்ட அதே கதவு.

6ஆம் தேதி மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் விடுமுறை என்பதால் 7ஆம் தேதி நேரில் போனேன். அதே இளைஞன். இந்த முறை நமஸ்தே இல்லை. சேத மதிப்பீடு வேறு பிரிவின் வேலை, தன்னால் திரையில் பார்க்கக்கூட முடியாது என்றான். அந்தப் பிரிவுக்கு எண் கிடையாது, மின்னஞ்சல் மட்டுமே. எழுதினால், ‘கையெழுத்திட்ட படிவத்தில் சேதம் எதுவும் குறிக்கப்படவில்லை’ என்று ஒரே பதில், மூன்று முறை, எழுத்து மாறாமல் வந்தது. தளத்தில் அரட்டையில் பேசியவர், நாங்கள் வெறும் இடைத்தரகர், நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார். நிறுவனம், நீங்கள் பதிவு செய்தது தளத்தில், அங்கே கேளுங்கள் என்றது. 68 யூரோ ‘முழுப் பாதுகாப்பு’ப் பிரிவு, வண்டி ஓடாத நாளுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் பொறுப்பில்லை என்றது, கதவுக்கும் சக்கரத்துக்கும் பணிமனையின் பழுதுபார்ப்பு ரசீது வேண்டும் என்றது. நிறுவனமோ, பழுது பார்க்கவே இல்லை, மதிப்பீடுதான் போட்டோம், ரசீது தர இயலாது என்கிறது. பழுது பார்க்கவில்லை என்றால் வண்டி எந்த நாள்களில் ஓடாமல் நின்றது என்று கேட்டேன். அதற்கும் அந்த ஒரே பதில்தான் வந்தது.

மாணவர்களுக்கான இலவசச் சட்ட ஆலோசனையில் இருந்த அம்மையார் ஒன்றைக் காட்டினார்: அந்த 740 யூரோவில் 19 சதவீத விற்பனை வரியும், அதாவது ஏறத்தாழ 118 யூரோவும் சேர்ந்திருக்கிறது, உண்மையில் செலுத்தப்படாத வரியை இழப்பீடாகக் கேட்கக் கூடாது என்று ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 249ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சுட்டி எழுதியிருக்கிறேன். கார்டிலிருந்து எடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி வங்கியில் மறுப்பும் பதிவு செய்தாயிற்று. தளம் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் பதிவானது என்பதால், கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கும் எழுதினேன்.

விரிவாக அறிவுரை எழுதுவதாகச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டிய பிறகு கார் எடுக்காதீர்கள், திருப்பித் தராதீர்கள். ஒரு துணியும் ஒரு பாட்டில் வெந்நீரும் கொண்டுபோய்க் கதவுகளையும் சக்கரங்களையும் துடைத்து, நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். எவன் சிரித்தாலும் எடுங்கள். டயரில் குளிர்கால டயருக்கான, மூன்று சிகரமும் பனிச்செதிலும் கொண்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பனிச்சாலையில் ஓட்டினால் அபராதம் ஓட்டுபவருக்கு. சாவிப் பெட்டியை நம்பாதீர்கள். தரகுத் தளத்தின் ‘முழுப் பாதுகாப்பு’ என்பது நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கெஞ்சிக் கேட்பது, அவ்வளவுதான்.

வங்கி இப்போது, வண்டியை எடுத்த பிறகு அந்தக் கதவு தெரியும்படி ஏதாவது படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறது. என் கைப்பேசியில் இருப்பது ஒன்றுதான்: 26ஆம் தேதி காலை, கோட்டை அடிவார நிறுத்தத்தில் அப்பா எடுத்தது. குளிர் கோட்டுக்குக் கீழே பட்டுச் சேலை தெரிய, அம்மா காரில் சாய்ந்து நிற்கிறார். நசுங்கல் இருப்பதாகச் சொல்லும் இடத்தில் சேலையின் கொசுவம் விரிந்து மறைத்திருக்கிறது. அதையே அனுப்பினேன். நேற்று இரவு அப்பா அழைத்து, காரை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கினாயா என்று கேட்டார். வாங்கினேன் என்றேன்.