இரண்டு மெயில் சர்வருக்கு டிஸ்க்: ஐஸ்கஸியா, டிஆர்பிடியா?

எங்கள் அலுவலகத்தில் மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், மெயில் பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்காட்டும் ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருந்தன. அதை இரண்டாக்கி, ஒன்று விழுந்தால் மற்றதில் வேலையைத் தொடங்கிவைக்கும் பேஸ்மேக்கர் போட்டுக் கிளஸ்டராக மாற்றியபோது, மெயில்களை எந்த டிஸ்க்கில் வைப்பது என்ற கேள்விதான் அதிக நாள் எடுத்தது. ஒன்று விழுந்தால் மற்றது அதே மெயில் பெட்டிகளைத் திறக்க வேண்டும். மொத்தம் 150 பெட்டிகள். கடைசியில், ஒரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியே மற்றதில் அப்படியே நகலெடுக்கும் டிஆர்பிடியை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் சீக்கிரமே கழன்றது. ஒரே பெட்டியை இரண்டு சர்வரும் ஒரே சமயத்தில் தொட்டால் டவ்காட்டின் இன்டெக்ஸ் கோப்புகள் குழம்பும். ஒரு பயனரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பிவைக்கும் டைரக்டர் என்ற பகுதி டவ்காட்டில் இதற்காகவே இருந்தது. 2.4 பதிப்பில் அதை இலவச டவ்காட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஐஸ்கஸி நல்ல வழிதான். தனி ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று, அதன் டிஸ்க் இரண்டு சர்வருக்கும் நெட்வொர்க் வழியே தெரியும். இடம் போதாவிட்டால் ஒரே இடத்தில் கூட்டலாம். ஆனால் அந்த ஸ்டோரேஜ் பெட்டி நின்றால் இரண்டு சர்வரும் சேர்ந்து நிற்கும். அதைத் தவிர்க்க இரட்டை கன்ட்ரோலர், இரட்டைப் பாதை என்று போனால் விலை எங்கேயோ போய்விடுகிறது.

டிஆர்பிடியில் பொது டிஸ்க்கே கிடையாது. அவரவர் டிஸ்க் அவரவரிடம். இங்கே எழுதும் ஒவ்வொரு பிளாக்கும் அங்கேயும் போகும். அதில் புரோட்டோகால் சி என்ற முறையை வைத்தால், இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகுதான் 'எழுதியாயிற்று' என்று பதில் வரும். 2010-இல் வந்த 2.6.33 பதிப்பிலிருந்து டிஆர்பிடி லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. டிஸ்க் செலவு இரட்டிப்பு, அது உண்மை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. இரண்டு சர்வரும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போய், 'நான்தான் இப்போது முதலாளி' என்று இரண்டுமே நினைத்தால் என்ன ஆகும்?

ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் எல்லாம் ஒரு நேரத்தில் ஒரே சர்வர்தான் எழுதும் என்று நம்பி இருப்பவை. ஐஸ்கஸி டிஸ்க்கை இருவரும் மவுன்ட் செய்து பயன்படுத்தத் தொடங்கினால் ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதி, கோப்பு முறைமையே சிதைந்துவிடும். அப்புறம் பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். டிஆர்பிடியில் இருவரும் தங்கள் தங்கள் டிஸ்க்கில் எழுதுகிறார்கள். இரண்டு பிரதியும் முழுசாக இருக்கும், உள்ளடக்கம் மட்டும் பிரிந்துபோகும்.

எங்களுக்கு அது நடந்தது. எதிர் சர்வரை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஃபென்சிங் வைக்காமல் தொடங்கியிருந்தோம், அது என் தவறு. இரண்டு சர்வருக்கும் நடுவே இருந்த கேபிள் கழன்றதும் இரண்டுமே ஒரே ஐபி முகவரியை எடுத்துக்கொண்டன. சில மெயில் இங்கே, சில அங்கே. கேபிளை மாட்டியதும் டிஆர்பிடி ஸ்பிளிட் பிரெய்ன், அதாவது இரண்டு பிரதியும் தனித்தனியே மாறிவிட்டன என்று சொல்லி இணைய மறுத்தது. அந்த மறுப்புதான் காப்பாற்றியது.

மெயில்களை நாங்கள் வைத்திருந்த மெயில்டிர் முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. பெயரின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த நேரம் நொடிக்கணக்கில் இருக்கும், கூடவே சர்வரின் பெயரும். அதனால் இரு பக்கப் பெயர்களும் மோதவில்லை. குறைவான மெயில் வந்த பக்கத்தில், கேபிள் கழன்ற நேரத்துக்குப் பிந்திய கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து, மறுபக்கம் 'நியூ' அடைவுகளில் போட்டேன். அதன் பிறகே அந்தப் பிரதியைக் கைவிடச் சொல்லி மறுபடி இணைத்தேன். ஒரு மெயிலும் தொலையவில்லை. அந்தப் பக்கத்தில் அழித்தவையும் படித்ததாகக் குறித்தவையும் மட்டும் பழையபடி ஆகின. எம்பாக்ஸ் போல ஒரே பெரிய கோப்பாக வைத்திருந்தால் இது இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

என் அனுபவம் 150 பெட்டிக்கானது, ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் வேலை செய்யும். ஆயிரக்கணக்கில் பெட்டி இருந்து, இரட்டை கன்ட்ரோலர் ஸ்டோரேஜும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்கெனவே இருந்தால் ஐஸ்கஸியை மறுக்க மாட்டேன். ஜிஎஃப்எஸ்2 என்ற பகிர்வுக் கோப்பு முறைமை வைத்து இரண்டு சர்வரும் சேர்ந்து எழுதும் ஏற்பாட்டைச் சோதனை மெஷினில் மட்டும் பார்த்தேன். சிறு கோப்புகள் நிறைய இருந்தபோது பூட்டுக்காகக் காத்திருந்தே நேரம் போனது.

எதை எடுத்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். டிஆர்பிடி, தவறாக அழித்ததையும் உடனே மறுபக்கம் அழித்துவிடும். இப்போது சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐ வழியாக எதிர் சர்வரின் மின்சாரத்தை நிறுத்தும் ஃபென்சிங் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, நானே அந்தக் கேபிளைக் கழற்றிப் பார்க்கிறேன்.