சடைமுடி வளர்க்கும் வழிகள்: கையால் திரிப்பதா, ஊசியால் கோப்பதா, தானாக விடுவதா?

டிரெட்லாக்ஸ் எனப்படும் சடைமுடியை வளர்க்க விரும்புகிறவர்களில் பலர், முதல் நாள் மாலையில் கண்ணாடியில் அது எப்படித் தெரியும் என்பதை வைத்தே வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உங்கள் முடி நெருக்கச் சுருட்டையா, அலை முடியா, கோரை முடியா? வாரத்தில் எத்தனை முறை தலைக்குக் குளிப்பீர்கள்? இனி வரும் ஆண்டுகளில் வேர்ப்பகுதியின் மீது எவ்வளவு இழுப்பை ஏற்றப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், ஒருவருக்கு அருமையாகப் பொருந்தும் முறை இன்னொருவரின் நெற்றியோரத்தை ஏன் வழுக்கையாக்குகிறது என்பதும் விளங்கும்.

மயிரின் மேற்புறத்தில் நுண்செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. மயிர்கள் ஒன்றோடொன்று உரசும்போது அவை மாட்டிக்கொள்கின்றன. அத்துடன் ஒரு நாளைக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. சீவுகிறவர்களுக்கு அவை சீப்போடு வந்துவிடும். சீவாத தலையில் அங்கேயே தங்கி, வேரோடு நிற்கும் முடியைச் சுற்றிக்கொள்ளும். சடையின் உட்பகுதியை இறுக்கிப் பிடித்திருப்பதில் உதிர்ந்த முடிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி தட்டையான குறுக்குவெட்டும் நெருக்கமான சுருளும் கொண்டிருப்பதால் சில மாதங்களிலேயே பிணையத் தொடங்கிவிடும். குறுக்குவெட்டு வட்டமாக இருக்கும் கோரை முடி வழுக்கி வழுக்கி அவிழும். அது உறுதியான சடையாக இறுக ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். இதனிடையே மாதத்துக்கு ஒரு செண்டிமீட்டருக்குச் சற்று மேல் புதிய முடி வேரில் வளர்ந்துகொண்டே இருக்கும். எனவே பராமரிப்பு என்பது பெரும்பாலும் அந்தப் புதிய வேர்முடியை என்ன செய்வது என்ற கேள்விதான்.

முதலில், எதுவும் செய்யாமல் விடும் முறை. ஜமைக்காவின் ரஸ்தஃபாரி மரபில் இதற்கே மதிப்பு மிகுதி. 1930இல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலே செலாசியைப் போற்றி எழுந்த அந்த இயக்கத்தினர், விவிலியத்தின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் வரும் நசரேய விரதத்தைத் தங்கள் சடைக்கு ஆதாரமாகக் கொள்கின்றனர். கத்தியும் சீப்பும் படாத தலை அவர்களுக்கு விரதத்தின் அடையாளம். அந்த முடிக்காக அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1963இல் ஜமைக்காவின் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலையடுத்து ரஸ்தாக்கள் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்டு, பலரின் சடைகள் வலுக்கட்டாயமாக வெட்டப்பட்டன. ஜமைக்க அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான். இந்த முறையை வெறும் சோம்பல் என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

செயல்முறையில் பார்த்தால், தானாக விடும் முறைதான் வேருக்கு மிகக் குறைந்த இழுப்பைத் தருகிறது. ஊசியும் முறுக்கும் பசையும் கிடையாது. ஆனால் தலையை அலசாமல் விடுவது இதன் பகுதியல்ல. முடியைத் தவறாமல் கழுவ வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் சடைகளைக் குளித்தபின் ஈரத்திலேயே விரலால் பிரித்துவிட வேண்டும். நம் ஊரில் தானாக விழுந்த சடையை அம்மன் அருளாகக் கருதி, தொடவே அஞ்சி, கழுவாமலும் விட்டுவிடும் வழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. அங்கே சடைக்கு அடியில் பேனும் புண்ணும் பெருகினாலும் யாருக்கும் தெரிவதில்லை. சடை வளர்ப்பதற்கும் தலையைக் கவனிக்காமல் விடுவதற்கும் இடையிலான வேறுபாடு உச்சந்தலையின் தூய்மையில் இருக்கிறது. இந்த முறையின் உண்மையான குறை, சடைகளின் பருமனும் எண்ணிக்கையும் உங்கள் கையில் இல்லாததுதான். கோரை முடிக்காரர்களுக்குப் பின்னந்தலையில் ஒரே பெரிய திரளாகவும் முன்பக்கம் வெறும் அவிழ்ந்த முடியாகவும் நெடுநாள் நிற்க வாய்ப்புண்டு.

நெருக்கச் சுருட்டை முடிக்காரர்களுக்கு முன்னால் இரண்டு மென்மையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, சிறு சிறு கட்டங்களாக வகிடெடுத்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் சீப்பு முனையால் ஒரே திசையில் சுருட்டிவிடுவது. ஓரிரு அங்குல முடியே இதற்குப் போதும். மற்றொன்று, ஒரு கட்டத்து முடியை இரு புரிகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்குவது. இதற்குச் சற்று நீளம் வேண்டும். சுருட்டிவிட்டது முதல் சில மாதங்களில் ஒவ்வொரு குளியலிலும் அவிழப் பார்க்கும். இரு புரி முறுக்கு அந்த அளவுக்கு அவிழாது. வியர்க்க வியர்க்க உழைப்பவர்களுக்கும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் இரண்டாவதையே நான் சொல்வேன். முறுக்கின் வரிகள் சடையில் ஓராண்டுக்கு மேலும் தெரியலாம் என்பதைத் தவிர அதில் பெரிய குறை இல்லை.

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அலை முடி அல்லது கோரை முடி என்பதால் அடுத்த ஒப்பீடுதான் அவர்களுக்கு முக்கியமானது. கோரை முடியைப் பிணைக்க நெடுங்காலமாகக் கையாளப்படுவது பின்சீவல்: ஒரு கட்டத்து முடியை நுனியில் பிடித்துக்கொண்டு, பேன்சீப்பு போன்ற நெருக்கப் பல் சீப்பால் வேரை நோக்கித் தள்ளித் தள்ளிச் சீவிச் சிக்காக்குவது. முடித்த உடனே சடை போன்ற உருளை வடிவம் கிடைக்கும். ஆனால் சீப்பு செதில்களுக்கு எதிர்த்திசையில் போவதால் அவை உரிகின்றன, மெல்லிய மயிர்கள் ஒடிகின்றன. இதற்குப் போட்டியாக நிற்பது ட்விஸ்ட் அண்ட் ரிப். இதில் சீப்பே கிடையாது. கட்டத்து முடியை ஒரு முறுக்கு முறுக்கி, இரண்டாகப் பிடித்து விலக்கும்போது வேர்ப்பக்கமாக ஒரு முடிச்சு இறங்கும். பிடிக்கும் பாதிகளை மாற்றி மாற்றி இதையே திரும்பத் திரும்பச் செய்தால் நீளம் முழுவதும் சிக்கு பரவும். முதல் மாதங்களில் இது புசுபுசுவென்று, ஒழுங்கற்றுத் தெரியும். சடை அரைகுறையாக இருப்பதாகப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் மயிர்கள் முழு நீளத்தோடு உள்ளே இருப்பதால், இறுகியபின் சடையில் உறுதி மிகுதி. நடுவில் மனம் மாறினால் அவிழ்ப்பதும் எளிது. பொறுமை உள்ள கோரை முடிக்காரருக்கு என் தேர்வு தயக்கமின்றி இதுதான்.

பொறுமை இல்லாதவர்களை ஈர்ப்பது குரோஷா ஊசி. அரை மில்லிமீட்டர் அளவிலான கொக்கி முனை கொண்ட ஊசியைச் சடைக்குள் குத்தி, வெளியே நிற்கும் முடியை உள்ளே இழுத்து, இதை நூற்றுக்கணக்கான முறை விரைவாகச் செய்தால், ஒரே நாளில், ஓராண்டுச் சடை போன்ற இறுக்கம் வந்துவிடும். நேர்த்தியைக் குறித்துக் குறை சொல்ல எதுவும் இல்லை. அது உண்மையிலேயே அழகாக இருக்கும். ஆனால் அந்த இறுக்கம் வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கொக்கி ஒவ்வொரு முறையும் எதிர்ப்படும் மயிர்களை வளைத்து இழுக்கிறது. கை பதமாக இல்லாவிட்டால் பலவும் அறுந்து துண்டுகளாக உள்ளே தங்குகின்றன. வெளியில் கெட்டியாகத் தெரியும் சடையின் உள்ளே தொடர்ச்சியான இழைகள் குறைந்துகொண்டே போனால், ஆண்டுகள் கழித்து நடுவில் மெலிந்து அறும். அதிலும், மாதந்தோறும் ஊசி போட்டே நேர்த்தியைக் காப்பாற்றுகிறவர்களின் சடை, இயற்கையாக இறுகும் வாய்ப்பையே பெறுவதில்லை. உதிரி முடியை ஆண்டுக்கு ஓரிரு முறை உள்ளே சேர்க்கவோ, அறுந்த சடையை மீண்டும் இணைக்கவோ ஊசி மிகச் சிறந்த கருவி. தலை முழுவதையும் அதனாலேயே தொடங்குவதை, மெல்லிய முடி உள்ளவர்களுக்காவது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேரைப் பராமரிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஈரச் சடையை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டி, வேரை மெல்லத் திரித்துவிடுவது. மற்றொன்று, சடையின் நுனியையே வேர்முடியின் ஊடே நுழைத்து வெளியே இழுக்கும் இன்டர்லாக்கிங். உருட்டல் தலைக்குக் குளித்ததும் தளரும். இன்டர்லாக்கிங் தளராது, நீச்சல் வீரர்களுக்கும், தினமும் தலையை நனைப்பவர்களுக்கும், வேர் அவிழ்ந்துகொண்டே இருக்கும் வழுக்கு முடிக்காரர்களுக்கும் அது பெரிய வசதி. ஆனால் அதில் ஒழுங்கு தவறக் கூடாது. நுனியை ஒவ்வொரு முறையும் வேறு திசையிலிருந்து, மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து என்று மாற்றி நுழைக்க வேண்டும். ஒரே திசையில் நுழைத்தால் சடையின் நடுவே ஓட்டை விழுந்து இரண்டாகப் பிரியும். அதைவிட ஆபத்தானது தோலை ஒட்டி இறுக்குவது. செய்து முடித்தபின் தலைவலியோ, வேரைச் சுற்றிச் சிவந்த பருக்களோ வந்தால் அது மிகை இறுக்கம். தொடர்ந்த இழுப்பால் வரும் முடியிழப்பு தொடக்கத்தில் கவனித்தால் திரும்ப வளரும். மயிர்க்கால் தழும்பாகிவிட்டால் வளராது. உருட்டலும் முற்றிலும் தீங்கற்றதல்ல. ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதுமான இடத்தில் வாரந்தோறும் திரிக்கிறவர்களின் வேர் மெலிந்துபோகும்.

இன்டர்லாக்கிங்கை மிக நுணுக்கமான முறையாக வளர்த்தவர் அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த பேராசிரியர் ஜோஆன் கார்ன்வெல். 1993இல் அவர் உருவாக்கிய சிஸ்டர்லாக்ஸ் முறையில் ஒரு தலையில் 400க்கும் மேற்பட்ட மெல்லிய சடைகள் போடப்படுவது வழக்கம். அதற்கெனத் தனிக் கருவியும் பயிற்சி பெற்றவர்களும் உண்டு. விரித்துப் போடலாம், கொண்டை போடலாம், சுருட்டவும் செய்யலாம். சடைக்காக வேலை மறுக்கப்படுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியாவே 2019இல்தான் இயற்றியது என்பதை நினைத்தால், அலுவலகம் செல்லும் கறுப்பினப் பெண்களிடையே இந்த மெல்லிய சடைகள் ஏன் பரவின என்பது விளங்கும். நெருக்கச் சுருட்டைக்கு இது சிறந்த தேர்வு. கோரை முடிக்கு, அத்தனை மெல்லிய சடைகளின் வேரைத் தொடர்ந்து இழுப்பது எனக்கு அச்சமூட்டுகிறது.

மெழுகு வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. தேன்மெழுகு உருக ஏறக்குறைய 62 டிகிரி செல்சியஸ் வேண்டும். தலைக்குத் தாங்கக்கூடிய வெந்நீர் அதற்கு வெகு கீழே நின்றுவிடும். எனவே உள்ளே போன மெழுகு வெளியே வராது. தூசியையும் நூல் பிசிறுகளையும் ஈர்த்துச் சாம்பல் நிறப் பிசுக்காகத் தங்கிவிடும். பிடிமானம் தேவைப்படும் தொடக்க மாதங்களில் சோற்றுக்கற்றாழைக் கூழ் போதும், அது நீரோடு போய்விடும். கோரை முடிக்கு உப்புநீர் தெளிப்பதும் சொரசொரப்பைக் கூட்டிப் பிணைய உதவும், ஆனால் முடி வறளும் என்பதால் அளவோடு நிறுத்த வேண்டும். தேங்காய் எண்ணெயைத் தோலில் சில துளிகள் தேய்க்கலாம். சடை முழுவதும் ஊற்றினால் உள்ளே சிக்கிக் காறும்.

கழுவுவதில் நம் வீட்டுப் பழக்கத்தை ஒட்டி ஒரு எச்சரிக்கை உண்டு. சீயக்காய்த் தூளை நேரடியாகத் தேய்த்தால் துகள்கள் சடைக்குள் புகுந்து வெளியே வராது. கொதிக்க வைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம். இல்லையெனில் படிவு விடாத, வாசனை குறைந்த ஷாம்பு. கழுவுவதைவிட உலர்த்துவது முக்கியம். விரல் பருமனுள்ள சடையின் மையம் மழைக்காலத்தில் ஒரு நாள் கழித்தும் ஈரமாக இருக்கும். அப்படியே தூங்கினால் பூஞ்சை பிடித்து நாறும், முற்றினால் அந்தச் சடையை வெட்டுவதைத் தவிர வழியில்லை. எனவே சென்னை, கொழும்பு போன்ற ஈரக் காற்றுள்ள ஊர்களில் வாழ்பவர்கள் பென்சில் பருமனுக்கு மிகாத சடைகளையே திட்டமிடுவது நல்லது. காலையில் குளித்து, துண்டால் ஒவ்வொன்றையும் பிழிந்து, முடிந்தால் காற்றுலர்த்தியையும் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக, அவிழ்ப்பது. மொட்டை அடித்தால்தான் சடை போகும் என்பது தவறு. தானாக வளர்ந்ததையும் ட்விஸ்ட் அண்ட் ரிப்பையும் கண்டிஷனர் ஊறவைத்து, நுனியிலிருந்து தொடங்கி ஊசி முனையால் சிறிது சிறிதாகப் பிரிக்கலாம். பல நாள் வேலை, ஆனால் நீளத்தின் பெரும்பகுதி மிஞ்சும். குரோஷா ஊசியால் இறுக்கியதில் மிஞ்சுவது மிகக் குறைவு. சிஸ்டர்லாக்ஸ் போன்ற மெல்லிய இன்டர்லாக்கிங்கில் சடைகளின் எண்ணிக்கையே மலைப்பூட்டுவதால் பலர் வெட்டிவிடுகிறார்கள். அவிழ்க்கும்போது கையோடு வரும் முடித்திரளைக் கண்டு தலை வழுக்கையாகிவிட்டதாகப் பதற வேண்டியதில்லை. நாளுக்கு 50 முதல் 100 என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகளில் இயல்பாக உதிர்ந்திருக்கக்கூடியது 36,500 முதல் 73,000 மயிர்கள். அதில் பெரும்பகுதி இவ்வளவு நாளும் சடைக்குள்ளேயே இருந்தது. உண்மையான இழப்பு இருக்கிறதா என்பதைச் சொல்வது நெற்றியோரமும் வகிடும்தான். அங்கே தோல் முன்னைவிட அகலமாகத் தெரிந்தால், அடுத்த சடையைத் தொடங்குமுன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.